கேள்வி கேட்கும் கான்ஃபிகர், கேட்காத கான்ஃபிகர்: மூலநிரலிலிருந்து கம்பைல் செய்யத் தொடங்குபவர்களுக்கு

ஒரு மென்பொருளின் மூலநிரலை இறக்கி, சுருக்கத்தைப் பிரித்து, உள்ளே போய் 'கான்ஃபிகர்' ஸ்கிரிப்டை ஓட்டுகிறீர்கள். 'செக்கிங் ஃபார்... எஸ்', 'செக்கிங் ஃபார்... நோ' என்று சில நூறு வரிகள் மளமளவென ஓடி முடிகின்றன. உங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரம் வேறொரு மென்பொருள். அதன் ஸ்கிரிப்டோ முதல் நிமிடத்திலேயே நின்றுகொண்டு, 'எங்கே இன்ஸ்டால் செய்ய?', 'இந்த வசதி வேண்டுமா?' என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. புதிதாக வருபவர்கள் முதலாவதை எளிது என்றும் இரண்டாவதைத் தொல்லை என்றும் நினைக்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன்.

உண்மையில் இரண்டு ஸ்கிரிப்டுகளுக்கும் இருப்பது ஒரே கேள்வித்தாள்தான். ஒன்று உங்களிடம் விடை கேட்கிறது, மற்றொன்று தானே விடை எழுதிவிடுகிறது. ஆகவே கற்றுக்கொள்ள வேண்டியவை இரண்டு: கேட்கிற ஸ்கிரிப்டைக் கேட்காமல் ஓட வைப்பது, கேட்காத ஸ்கிரிப்ட் என்ன விடை எழுதியது என்று தேடிப் படிப்பது. இரண்டாவதுதான் கொஞ்சம் கடினம்.

(கட்டளைகளை இங்கே வாயால் சொல்வது போலத் தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும் என்பது தெரிந்ததே.)

இந்தக் கேள்வித்தாள் எதற்கு?

ஒரே நிரல் பல வகைக் கணினிகளில் கம்பைல் ஆக வேண்டும். எந்த கம்பைலர் இருக்கிறது, எந்த லைப்ரரி எங்கே இருக்கிறது, குறிப்பிட்ட ஒரு ஃபங்ஷன் இந்தச் சிஸ்டத்தில் உண்டா என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். முன்பெல்லாம் இதற்காக, கம்பைல் செய்யும் படிகள் எழுதப்பட்ட 'மேக்ஃபைல்' என்ற கோப்பைத் திறந்து கையால் திருத்துவார்கள். 1984-இல் லாரி வால், பழைய விவாதக் குழு வலையமைப்பான யூஸ்நெட்டைப் படிக்க உதவும் 'ஆர்என்' என்ற வாசிப்பானுக்காக 'கான்ஃபிகர்' என்ற ஸ்கிரிப்டை எழுதினார். அது சிஸ்டத்தைத் தானே ஆராய்ந்து பார்த்து, தன் ஊகத்தை உங்களிடம் காட்டி, 'சரியா?' என்று கேட்கும். அந்த வழியில் வந்த 'மெட்டாகான்ஃபிக்' உருவாக்கும் ஸ்கிரிப்டைத்தான் பெர்ல் மொழி இன்றும் பயன்படுத்துகிறது.

1991-இல் டேவிட் மெக்கன்சி, கட்டற்ற மென்பொருள் திட்டமான குனூவின் பல கருவிகளைப் பராமரித்துக்கொண்டிருந்தார். பயனர் மேக்ஃபைலில் தேர்ந்தெடுக்க வேண்டிய ஆப்ஷன்கள் சுமார் 20 ஆகிவிட, அது பாரமாகிப் போனது. அதிலிருந்து பிறந்ததுதான், கேள்வி கேட்காத கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கித் தரும் ஆட்டோகான்ஃப். மெட்டாகான்ஃபிக் ஸ்கிரிப்டுகள் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பது தனக்கு வசதிப்படவில்லை என்று ஆட்டோகான்ஃப் கையேட்டின் வரலாற்றுப் பகுதியில் அவரே சொல்லியிருக்கிறார். ஆக, கேட்கலாமா கூடாதா என்ற இந்த வழக்குக்கு முப்பது வயது தாண்டிவிட்டது.

முதலில், உங்கள் கையில் இருப்பது எந்த வகை?

எதையும் ஓட்டுவதற்கு முன் கோப்புறையை ஒருமுறை பட்டியலிட்டுப் பாருங்கள். 'ரீட்மீ', 'இன்ஸ்டால்' என்ற கோப்புகள் இருந்தால் படியுங்கள். ஐந்து நிமிடம்தான் ஆகும்.

சின்ன எழுத்தில் 'கான்ஃபிகர்', பக்கத்திலேயே 'கான்ஃபிகர்.ஏசி' இருந்தால் அது ஆட்டோகான்ஃப். கேள்வி கேட்காது. 'கான்ஃபிகர்.ஏசி' மட்டும் இருந்து 'கான்ஃபிகர்' இல்லையென்றால் 'கிட்' என்ற நிரல் களஞ்சியத்திலிருந்து நேரடியாக எடுத்திருக்கிறீர்கள், 'ஆட்டோஜென்.எஸ்ஹெச்' இருந்தால் அதை ஓட்டுங்கள், இல்லையென்றால் 'ஆட்டோரீகான்ஃப் -ஐ'. 'சிமேக்லிஸ்ட்ஸ்' இருந்தால் சிமேக், 'மெசான்.பில்ட்' இருந்தால் மெசான். இவையும் கேட்காத கூட்டம்தான். 'கேகான்ஃபிக்' என்று பெயர் தெரிந்தால் லினக்ஸின் மையமான கர்னலின் பாணி, அது கேட்கும்.

பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். பெர்லின் 'கான்ஃபிகர்' பெரிய எழுத்தில் தொடங்கும், கேள்வி கேட்கும். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் 'கான்ஃபிகரும்' பெரிய எழுத்துதான், ஆனால் ஒன்றும் கேட்காது. டென்சர்ஃப்ளோ என்ற இயந்திரக் கற்றல் லைப்ரரியினுடையது சின்ன எழுத்து, ஆனால் பைத்தான் எங்கே, 'கூடா' (என்விடியா ஜிபியு வசதி) வேண்டுமா என்று வரிசையாகக் கேட்கும்.

கேட்காத ஸ்கிரிப்டை ஓட்டும் முறை

முதல் ஓட்டம் எப்போதும் '--ஹெல்ப்' உடன் இருக்கட்டும். அது எதையும் மாற்றாது, பட்டியலை மட்டும் காட்டும். உங்களிடம் கேட்காமல் விடப்போகும் கேள்விகள்தான் அந்தப் பட்டியல். '--எனேபிள்', '--டிசேபிள்' என்று தொடங்குபவை மென்பொருளின் சொந்த வசதிகள். '--வித்', '--வித்அவுட்' என்பவை வெளி லைப்ரரிகள். பொதுவான வழக்கம் இது.

அப்புறம் '--ப்ரிஃபிக்ஸ்'. சொல்லாமல் விட்டால் 'யூஎஸ்ஆர்' கோப்புறைக்குள் உள்ள 'லோக்கலில்' போய் உட்காரும், அதற்கு ரூட் அனுமதி வேண்டும். கற்றுக்கொள்ளும் காலத்தில் உங்கள் ஹோம் கோப்புறைக்குள் ஒன்றை உருவாக்கி அதையே ப்ரிஃபிக்ஸாகக் கொடுங்கள். பிடிக்கவில்லையென்றால் கோப்புறையோடு அழித்துவிடலாம், சிஸ்டத்துக்கு ஒன்றும் ஆகாது.

ஓட்டும்போது மூலநிரலுக்குள்ளேயே ஓட்டாமல், 'பில்ட்' என்று தனிக் கோப்புறை உண்டாக்கி அதற்குள் நின்றுகொண்டு ஸ்கிரிப்டை அழைப்பது நல்லது. ஆட்டோகான்ஃப் திட்டங்களில் பெரும்பாலும் இது வேலை செய்யும். விடை மாற்றி மறுபடி தொடங்க வேண்டுமென்றால் அந்தக் கோப்புறையை மட்டும் துடைத்துப் போட்டால் போதும்.

இப்போது முக்கியமான இடம். ஓட்டம் முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, கம்பைலைத் தொடங்கும் 'மேக்' கட்டளையைத் தட்டாதீர்கள்.

பைத்தானையே எடுத்துக்கொள்வோம். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஹெடர் கோப்புகள் (லைப்ரரியில் என்னென்ன ஃபங்ஷன் உண்டு என்று கம்பைலருக்குச் சொல்பவை) இல்லாத கணினியில் பைத்தானை கம்பைல் செய்தால் கான்ஃபிகர் வெற்றிகரமாக முடியும். மேக்கும் முடியும். நடுவில் ஒரு எரர்கூட வராது. பைத்தானைத் திறந்து இரண்டையும் இரண்டையும் கூட்டினால் நான்கு என்கும். ஆனால் பைத்தான் பொதிகளை இறக்கும் 'பிப்' மூலம் எதையாவது இறக்கப் போனால் எஸ்எஸ்எல் மாட்யூல் இல்லை என்று நின்றுவிடும். இந்த வசதி கட்டாயமில்லை என்று ஸ்கிரிப்டுக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். லைப்ரரி கிடைக்கவில்லை, ஆகவே அது தானே 'வேண்டாம்' என்று விடை எழுதிவிட்டது. மௌனம் சம்மதம் என்பார்களே, அந்தக் கணக்கு. இத்தனைக்கும் பைத்தான் இதை மறைப்பதில்லை. தேவையானவை கிடைக்காததால் இந்த மாட்யூல்களைக் கட்ட முடியவில்லை என்று மேக்கின் கடைசியில் ஒரு பட்டியலே போடுகிறது. நாம்தான் அந்த நேரத்தில் வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறோம். நான் இப்படி ஒரு மாலை முழுவதையும் தொலைத்திருக்கிறேன். இணைய இணைப்பில் கோளாறு என்று நினைத்து நெட்வொர்க்கையே நோண்டிக்கொண்டிருந்தேன்.

எனவே, ஓட்டத்தின் வெளியீட்டை 'டீ' கட்டளை வழியாக ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டு, அதில் 'நோ' என்று முடியும் வரிகளை மட்டும் தேடிப் பாருங்கள். எல்லா 'நோ'வும் கெட்டதல்ல. வேறு இயங்குதளத்துக்கான சோதனைகள் இல்லை என்றுதான் சொல்லும். உங்களுக்குத் தெரிந்த லைப்ரரியின் பெயருக்கு எதிரே 'நோ' இருந்தால் மட்டும் நில்லுங்கள்.

இன்னும் உறுதியான வழி ஒன்று உண்டு. உங்களுக்கு வேண்டிய வசதியை வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். ஒழுங்காக எழுதப்பட்ட ஸ்கிரிப்டில், நீங்கள் '--வித்' என்று பெயர் சொல்லிக் கேட்ட லைப்ரரி கிடைக்கவில்லையென்றால் அது எரர் கொடுத்து நிற்கும், சத்தமில்லாமல் தாண்டிப் போகாது. எழுதியவர் எவ்வளவு கவனமானவர் என்பதைப் பொறுத்தது இது. ஆனாலும் கேட்டு வைப்பதில் நஷ்டமில்லை.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆப்ஷன் பெயரில் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டினால் ஆட்டோகான்ஃப் அதை எரராகக் கருதாது. 'அன்ரெகக்னைஸ்ட் ஆப்ஷன்ஸ்' என்று ஒரு வார்னிங் மட்டும் போட்டுவிட்டு, நீங்கள் ஒன்றுமே கேட்காதது போல வேலையைத் தொடரும். '--எனேபிள்-ஆப்ஷன்-செக்கிங்=ஃபேட்டல்' என்று சேர்த்துக் கொடுத்தால் அங்கேயே நிற்கும். நீளமான பெயர்தான். ஆனால் நான் எழுதும் ஸ்கிரிப்டுகளில் இது எப்போதும் இருக்கும்.

எரர் வந்தால் கான்ஃபிக்.லாக்

'இஸட்லிப்' என்ற சுருக்க லைப்ரரி கிடைக்கவில்லை என்று ஸ்கிரிப்ட் சொல்கிறது, ஆனால் இஸட்லிப் உங்கள் கணினியில் இருப்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். யார் சொல்வது சரி?

அதே கோப்புறையில் 'கான்ஃபிக்.லாக்' என்ற கோப்பு உருவாகியிருக்கும். திறந்தால் ஆயிரக்கணக்கான வரிகள். மிரள வேண்டாம். கடைசியில் 'கேஷ் வேரியபிள்ஸ்' என்று ஒரு தலைப்பு வரும். அதற்குக் கீழே இருப்பதை விட்டுவிட்டு, அந்த இடத்திலிருந்து மேல்நோக்கி 'எரர்' என்ற சொல்லைத் தேடுங்கள். இப்படி ஒன்று அகப்படும்: 'ஃபேட்டல் எரர்: இஸட்லிப்.ஹெச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'. அதன் கீழே 'ஃபெயில்ட் ப்ரோகிராம் வாஸ்' என்ற வரியும், இடப்பக்கம் குத்துக்கோடு போட்ட ஒரு குட்டி சி நிரலும் இருக்கும்.

அந்தக் குட்டி நிரல்தான் விஷயமே. ஆட்டோகான்ஃப் உங்கள் சிஸ்டத்தின் பெயரைப் பார்த்து ஊகிப்பதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு வரியில் ஒரு சி நிரல் எழுதி, கம்பைல் செய்து பார்க்கிறது. கம்பைல் ஆகிவிட்டால் 'எஸ்', ஆகாவிட்டால் 'நோ'. இங்கே அதற்குக் கிடைக்காதது லைப்ரரி அல்ல, ஹெடர் கோப்பு. டெபியன் குடும்பத்தில் ஹெடர்கள் '-டெவ்' என்று முடியும் தனிப் பொதியிலும், ஃபெடோரா பக்கம் '-டெவெல்' என்று முடிவதிலும் வரும். அதை இன்ஸ்டால் செய்து மறுபடி ஓட்டினால் தீர்ந்தது. புதியவர்களின் கான்ஃபிகர் எரரில் பெரும்பங்கு இந்த ஒன்றுதான் என்பது என் அனுபவம்.

மறுபடி ஓட்டும்போது பழைய விடையே வந்தால், பெரிய எழுத்து '-சி' ஆப்ஷனோடு ஓட்டி 'கான்ஃபிக்.கேஷ்' என்ற கோப்பை உண்டாக்கி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இருந்தால் அழியுங்கள். அது பழைய விடைகளை நினைவில் வைத்துக்கொள்ளும்.

சோதனை நிரல் கம்பைல் ஆகாவிட்டால் 'நோ' என்ற இந்த எளிய தர்க்கத்தைத் தீய நோக்கத்துக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள். 2024 மார்ச் இறுதியில் 'எக்ஸ்இஸட்' என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) இருப்பது வெளிவந்ததல்லவா? அதைத் துருவியபோது இன்னொன்றும் அகப்பட்டது. சிமேக் கோப்பில் 'லேண்ட்லாக்' என்ற பாதுகாப்பு வசதிக்கான சோதனை நிரலுக்குள் தேவையில்லாமல் ஒற்றைப் புள்ளி ஒன்று. அந்தப் புள்ளியால் சோதனை நிரல் எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது. எனவே 'இந்த வசதி இங்கே இல்லை' என்றே விடை வரும். யாருக்கும் எரர் தெரியாது. ஒரு புள்ளி!

கேட்கும் ஸ்கிரிப்டோடு பேசும் முறை

பெர்லின் மூலநிரலில் 'எஸ்ஹெச் கான்ஃபிகர்' என்று ஓட்டிப் பாருங்கள். கோப்புகள் எல்லாம் முழுதாக வந்திருக்கின்றனவா என்று முதலில் சரிபார்க்கும். அப்புறம் விளக்கக் குறிப்பைப் படிக்கிறீர்களா என்று கேட்டு, பக்கத்தில் சதுர அடைப்புக்குள் ஓர் எழுத்தைக் காட்டும். அடைப்புக்குள் இருப்பது அதன் ஊகம். எண்டர் தட்டினால் அதையே எடுத்துக்கொள்ளும்.

சில கேள்விகள் வெறும் விசாரிப்பு: பெர்ல் நிர்வாகியின் மின்னஞ்சல் என்ன என்பது போல. சில கேள்விகளோ கனமானவை. த்ரெட் (ஒரே நிரலுக்குள் பல வேலைகளை ஒருசேர ஓட்டும்) வசதியோடு கட்டவா என்று கேட்கும்போது இயல்பான விடை 'வேண்டாம்'. பின்னாளில் மனம் மாறி வசதியோடு மறுபடி கட்டினால், சி நிரல் கலந்த மாட்யூல்களை எல்லாம் திரும்ப கம்பைல் செய்ய வேண்டும். எந்தக் கேள்வி எந்த வகை என்று முதல் தடவை உங்களுக்குத் தெரியாது. அதனால் முதல் தடவை, விரையும் கையைக் கட்டிப்போட்டு, பொறுமையாகப் படித்துக்கொண்டே போவதில் பயன் உண்டு. ஒரு மென்பொருளுக்குள் என்னென்ன இருக்கிறது என்று இதைவிடச் சுருக்கமாகச் சொல்லித்தரும் இடம் வேறில்லை. பாதியில் சலித்துவிட்டால் எந்தக் கேள்வியிலும் '& -டி' என்று தட்டலாம்; மிச்சக் கேள்விகளுக்கு அதுவே விடை எழுதிக்கொள்ளும்.

விடைகள் எல்லாம் 'கான்ஃபிக்.எஸ்ஹெச்' என்ற கோப்பில் சேரும். அடுத்த முறை அந்தக் கோப்பு அங்கே இருந்தால், பழைய விடைகளையே அடைப்புக்குள் காட்டும்.

லினக்ஸ் கர்னல் இதையே பெரிய அளவில் செய்கிறது. 'மேக் கான்ஃபிக்' என்று கொடுத்தால் கேள்வி மேல் கேள்வி, ஒய் (வேண்டும்), என் (வேண்டாம்), எம் (தனி மாட்யூலாக) என்று விடை சொல்லி மாளாது. நடுவில் தவறினால் பின்னோக்கிப் போக வழியும் இல்லை. ஒருமுறை வேடிக்கைக்குப் பார்த்துவிட்டு கன்ட்ரோல்-சி அடித்து வெளியே வாருங்கள். மனிதர்கள் பயன்படுத்துவது 'மேக் மெனுகான்ஃபிக்'. மெனுவாக விரியும், சாய்கோட்டை அழுத்தினால் தேடலாம், எவ்வரிசையிலும் போகலாம்.

என் ஆலோசனை, பூஜ்யத்திலிருந்து தொடங்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் விடைத்தாள் பெரும்பாலான விநியோகங்களில் 'பூட்' கோப்புறையில் 'கான்ஃபிக்-' என்று தொடங்கும் பெயரில் இருக்கும். அதை மூலநிரலுக்குள் '.கான்ஃபிக்' என்ற பெயரில் நகலெடுங்கள். 'மேக் ஓல்டுகான்ஃபிக்' கொடுத்தால் புதிய கர்னலில் புதிதாக முளைத்த கேள்விகளை மட்டும் கேட்கும். அதுவும் வேண்டாமென்றால் 'மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக்': புதியவற்றுக்கெல்லாம் இயல்பு விடையை நிரப்பிவிட்டு வாய் திறக்காமல் முடித்துவிடும்.

'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்றும் ஒன்று உண்டு. இப்போது நினைவகத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும், கம்பைல் நேரம் வெகுவாகக் குறையும். ஓட்டுவதற்கு முன் நீங்கள் பயன்படுத்தும் யூஎஸ்பி கருவிகளை எல்லாம் ஒருமுறை செருகி வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் புதிய கர்னலுக்கு அவற்றைத் தெரியாது.

கேட்பதை நிறுத்துவது

ஒருநாள் இரவு ஒரு பெரிய மென்பொருளைக் கட்டும்படி ஸ்கிரிப்ட் எழுதி ஓட விட்டுவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் பார்த்தால் மூன்றாவது கேள்வியில், விடைக்காகக் கர்சர் சிமிட்டிக்கொண்டு காத்திருந்தது. எட்டு மணி நேரம். அன்றைக்குப் பிறகு, தானாக ஓட வேண்டிய எதையும் இந்த வரிசையில் சரிபார்க்கிறேன்.

முதலில், அந்த ஸ்கிரிப்டுக்கே கேட்காத முறை இருக்கிறதா? பெர்லுக்கு உண்டு. டி, இ, எஸ் மூன்று எழுத்தையும் சேர்த்து ஒரே ஆப்ஷனாகக் கொடுத்தால், டி இயல்பு விடைகளை எடுத்துக்கொள்ளச் சொல்லும், இ கடைசி உறுதிப்படுத்தலைத் தாண்டும், எஸ் பேச்சைக் குறைக்கும். உங்கள் சொந்த விடையைப் பெரிய எழுத்து டியோடு ஒட்டிக் கொடுக்கலாம், '-டிப்ரிஃபிக்ஸ்=' என்பது போல. ஆட்டோகான்ஃப் பாணிக்குப் பழகியவர்களுக்காக 'கான்ஃபிகர்.குனூ' என்று ஒரு முகமூடியும் வைத்திருக்கிறார்கள்.

இல்லையென்றால் விடைத்தாள் கோப்பு: ஒருமுறை உட்கார்ந்து விடை சொல்லி, உருவாகும் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த கணினியில் அதைக் கொடுப்பது. கர்னலுக்கு இதுதான் வழி. ஆனால் '.கான்ஃபிக்' கோப்பைக் கையால் திருத்தி ஒரு வசதியை 'ஒய்' ஆக்கினால், அது சார்ந்திருக்கும் வேறொரு வசதி அணைந்திருக்கும் பட்சத்தில், ஓல்டுடெஃப்கான்ஃபிக் உங்கள் வரியை ஒரு சொல்லும் சொல்லாமல் எடுத்துவிடும். ஓட்டி முடித்த பின் அந்த வரி இன்னும் இருக்கிறதா என்று 'க்ரெப்' கட்டளையால் தேடிப் பாருங்கள்.

மூன்றாவது, சூழல் மாறிகள். டென்சர்ஃப்ளோவின் ஸ்கிரிப்ட், உரிய மாறி முன்பே வைக்கப்பட்டிருந்தால் அந்தக் கேள்வியைத் தாண்டிவிடும். டெபியன் குடும்பத்தில் தேவையான பொதிகளை இன்ஸ்டால் செய்யும் கட்டமும் இடையில் நேர மண்டலம் எது என்று கேட்டு நிற்பதுண்டு, குறிப்பாக கன்டெய்னருக்குள். 'டெபியன்_ஃப்ரண்ட்எண்ட்' மாறியை 'நான்இன்டராக்டிவ்' என்று வைத்தால் அது அடங்கும்.

வேறு வழியே இல்லாதபோது 'எஸ்' ('ஆமாம்' என்ற ஆங்கிலச் சொல்லே) கட்டளை. அது ஓயாமல் ஒய், ஒய் என்று அச்சடிக்கும். அதை ஸ்கிரிப்டின் வாய்க்குள் பைப் செய்து விடலாம். எனக்கு இது பிடிக்காது. எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்றால் வேண்டாததும் வந்து சேரும், பாதை கேட்கும் கேள்விக்கும் 'ஒய்' என்றே விடை போகும். அதே கட்டளைக்கு வெற்று மேற்கோளைக் கொடுத்து, வெறும் எண்டரை மட்டும் அனுப்ப வைப்பது இதைவிடத் தேவலாம். விடைகளை வரிசையாகக் கோப்பில் எழுதி ஊட்டுவதோ இன்னும் ஆபத்து: அடுத்த பதிப்பில் நடுவே ஒரு கேள்வி கூடினால், அதற்குக் கீழுள்ள விடைகள் எல்லாம் ஒரு படி தள்ளி விழும்.

இதில் எதைச் செய்தாலும், ஓட்டத்தின் உள்ளீட்டை, எப்போதும் காலியாக இருக்கும் 'டெவ் நல்' கோப்பின் பக்கம் திருப்பி ஒருமுறை சோதித்துப் பாருங்கள். எங்கேயாவது கேள்வி மிச்சமிருந்தால் பெரும்பாலும் அங்கேயே விழுந்து காட்டிக்கொடுத்துவிடும்; இரவெல்லாம் காத்திருக்காது.

மேக் இன்ஸ்டாலுக்கு முன்

ஆட்டோகான்ஃப் என்றால் கான்ஃபிக்.லாகின் தொடக்கத்தில், டாலர் குறி போட்ட வரியில், நீங்கள் கொடுத்த முழுக் கட்டளையும் பதிவாகியிருக்கும். 'கான்ஃபிக்.ஸ்டேட்டஸ்' ஸ்கிரிப்டை '--கான்ஃபிக்' என்று கேட்டாலும் ஆப்ஷன்களைச் சொல்லும். சிமேக்கில் 'சிமேக்கேஷ்' கோப்பு, பெர்லில் கான்ஃபிக்.எஸ்ஹெச், கர்னலில் .கான்ஃபிக். இதில் எது உங்களுடையதோ அதை மூலநிரல் கோப்புறைக்கு வெளியே, பதிப்பு எண்ணைப் பெயரில் சேர்த்து நகலெடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அடுத்த பதிப்பைக் கட்ட உட்காரும்போது, மூலநிரல் கோப்புறையை இடம் போதவில்லை என்று என்றைக்கோ அழித்திருப்பீர்கள்.